கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை: கருக்கலைப்பில் எது விதி, எது வீண் கெடுபிடி?

கேள்வி: எங்கள் ஊர் பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம். வயது 29. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஒன்றரை வயது. கணவர் துபாயில் வேலை, லீவு முடிந்து போன மாதம்தான் திரும்பிப் போனார். ஆணுறை பயன்படுத்தியும் தள்ளிப்போய்விட்டது. ஸ்கேனில் ஏழு வாரம் என்கிறார்கள். இருவரும் பேசி, இப்போது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமில் கேட்டால், "எங்களுக்கு அந்த லைசென்ஸ் இல்லை" என்கிறார்கள். கடலூரில் இன்னோர் இடத்தில், "வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் முடியாது" என்றார்கள். மெடிக்கலில் மாத்திரை கேட்டால், "அதெல்லாம் வைக்கிறதே இல்லை." பாண்டிச்சேரி போனால் சுலபமாம். உண்மையா? எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா, இல்லையா?

பதில்: உண்டு. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா என்று வேறு எவர் கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை.

நீங்கள் போன மூன்று இடங்களும் மூன்று வேறு காரணங்களுக்காக உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கின்றன. நர்சிங் ஹோம் சொன்னது உண்மையான சட்டத் தடை. கடலூரில் சொன்னது சட்டத்தில் எங்குமே இல்லாத தடை. மெடிக்கல்காரர் சொன்னது பயத்தில் அவராகவே போட்டுக்கொண்டது. இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் அலைச்சல் பாதி குறையும். உங்களுக்கு அதுதான் முக்கியம். மாத்திரையால் முடிக்க ஒன்பது வாரம் வரைதான் நேரம். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் கருக்கலைப்புக்கான சட்டம் 1971-ல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021-ல் பெரிய திருத்தம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 24 முதல் அமலில் உள்ளது. மத்தியச் சட்டம் என்பதால் கடலூருக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்று இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "நான் கேட்கிறேன், செய்யுங்கள்" என்ற அடிப்படையில் இந்தச் சட்டம் எழுதப்படவில்லை. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு, அல்லது குழந்தைக்குக் கடுமையான குறைபாடு என்று ஒரு மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருத வேண்டும். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடைச் சாதனம் தவறி உண்டான கர்ப்பம் மனநலத்துக்குப் பெருங்கேடு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. உங்கள் நிலை அதுதான். முன்பு இந்த விளக்கத்தில் "மணமான பெண் அல்லது அவள் கணவர்" என்று இருந்தது; 2021 திருத்தம் அதை "பெண் அல்லது அவள் துணைவர்" என்று மாற்றிவிட்டது. ஆகவே மருத்துவரிடம் சுற்றிவளைக்காமல், "ஆணுறை போட்டும் தவறிவிட்டது" என்றே சொல்லுங்கள்.

20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். விதிகள் குறிப்பிடும் சில நிலைகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநோய் உள்ளவர்கள், கருவில் குறைபாடு இருப்பதாகத் தெரியவந்தவர்கள் அதில் அடங்குவர். மணமாகாதவர்களை இதிலிருந்து விலக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் பெண்கள்மேல் போடக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 24 வாரத்துக்கு மேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மட்டும் மருத்துவக் குழு முடிவு செய்யும். விண்ணப்பம் வந்த 3 நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால், விண்ணப்பம் வந்ததிலிருந்து 5 நாளுக்குள் சிகிச்சை முடிய வேண்டும் என்பது விதி.

அந்த "லைசென்ஸ்" எதற்கு?

அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி தேவையில்லை. தனியார் இடம் என்றால், மாவட்ட அளவிலான குழு அந்த இடத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் எடுக்கும் வழக்கமான பதிவு வேறு, இது வேறு. பிரசவம், சிசேரியன் எல்லாம் பார்க்கும் நர்சிங் ஹோமாக இருந்தாலும் இந்த ஒப்புதல் இல்லையென்றால் கருக்கலைப்பு செய்ய முடியாது. மீறினால் இடத்தின் உரிமையாளருக்கு 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல். எனவே உங்கள் நர்சிங் ஹோம்காரர்கள் மறுத்ததில் தவறில்லை. ஒப்புதல் பெற்ற இடம் எது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், அதைச் செய்யவில்லை.

ஒப்புதல் வாங்குவது எப்படி? 'படிவம் ஏ'-வில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் நேரில் வந்து ஆய்வு, அடுத்த இரண்டு மாதத்துக்குள் 'படிவம் பி' சான்று. குறை கண்டால், அதைச் சரிசெய்த நாளிலிருந்து மறுபடி இரண்டு மாதம். 12 வாரம் வரைக்கான ஒப்புதலுக்குப் பரிசோதனை மேசை அல்லது பிரசவ மேசை, மூச்சு மீட்கும் கருவிகள், கருவிகளைக் கிருமிநீக்கும் வசதி, மருந்துகள், குளுக்கோஸ், அதிர்ச்சி நிலைக்குச் சிகிச்சை தரும் வசதி, நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு ஆகியவை போதும். 12 வாரத்துக்கு மேல் என்றால் அறுவை மேசை, வயிற்று அறுவைக்கான கருவிகள், மயக்க மருந்துக் கருவி எல்லாம் வேண்டும்.

முதல் பட்டியலைப் பாருங்கள். பிரசவம் பார்க்கும் எந்த இடத்திலும் ஏற்கெனவே இருக்க வேண்டிய பொருள்கள்தான். ஏழு வாரக் கருவைக் கலைப்பதைவிட நிறைமாதப் பிரசவத்தில் ஆபத்து அதிகம். ஆனால் பிரசவத்துக்கு இல்லாத தனி ஒப்புதல் இதற்கு இருக்கிறது. 1971-க்கு முன் குச்சியும் வேரும் கொண்டு பெண்களைக் கொன்ற காலத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. அன்று அதற்குத் தேவை இருந்தது. இன்று மாத்திரையில் முடிகிற காலத்திலும் அதே வாசலில்தான் எல்லோரும் நிற்க வேண்டியிருக்கிறது.

பல நர்சிங் ஹோம்கள் விண்ணப்பிக்காமலே இருப்பதற்குக் காரணம் மேசையோ கருவியோ இல்லை. மாதந்தோறும் அறிக்கை, தனிப் பதிவேடு, ஆய்வு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் நிழல். அந்தச் சட்டத்தில் எங்காவது சோதனை என்று செய்தி வந்தாலே, கருக்கலைப்பு செய்யும் இடமெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. "எதற்கு வம்பு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஏழு வாரத்தில் ஸ்கேனில் பாலினம் தெரியவே தெரியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒப்புதல் பெற்ற இடத்தை அடையாளம் காண்பது சுலபம். சான்றை வருவோர் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. வரவேற்பறைச் சுவரில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். 12 வாரம் வரைக்கா, 24 வாரம் வரைக்கா என்றும் கேளுங்கள். ஒரு சின்ன விலக்கும் உண்டு: ஒன்பது வாரம் வரை மாத்திரை மட்டும் எழுதித் தர, தகுதியுள்ள மருத்துவர் தன் சொந்தக் கிளினிக்கிலேயே பார்க்கலாம். ஆனால் அவசரத்துக்கு ஓர் ஒப்புதல் பெற்ற இடம் கைவசம் இருக்கிறது என்று, அந்த இடத்தின் உரிமையாளர் தந்த சான்றைக் கிளினிக்கில் மாட்டியிருக்க வேண்டும்.

இடத்துக்குப் போலவே மருத்துவருக்கும் தகுதி வரையறை உண்டு. மகப்பேறு மருத்துவர் 24 வாரம் வரை செய்யலாம். எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவர், ஒப்புதல் பெற்ற மருத்துவமனையில் 25 கருக்கலைப்புகளில் உதவி, அவற்றில் குறைந்தது ஐந்தைத் தானே செய்திருந்தால் 12 வாரம் வரை செய்யலாம். சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி மருத்துவர்களுக்கு அனுமதி கிடையாது. "சூட்டுக் கஷாயம்" தருகிறேன் என்பவரிடம் இரண்டு வாரத்தைத் தொலைக்காதீர்கள்.

வாரத்தை எண்ணுவது

பலருக்கு இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். தள்ளிப்போன நாளிலிருந்தோ, கணவர் ஊருக்குப் போன நாளிலிருந்தோ அல்ல. கடைசி மாதவிலக்கு ஜூன் 1-ல் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 20-ல் ஏழு வாரம். ஆகஸ்ட் 3-ல் ஒன்பது. அதோடு மாத்திரை வழி முடிந்தது. ஆகஸ்ட் 24-ல் பன்னிரண்டு. அதற்கு மேல் செய்யும் தனியார் இடங்கள் சட்டென்று குறையும். அக்டோபர் 19-ல் இருபது, நவம்பர் 16-ல் இருபத்து நான்கு. ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் போகக்கூடிய இடம் குறையும், செலவு கூடும், உடலுக்குச் சிரமமும் கூடும். "அவர் அடுத்த லீவில் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று காத்திருந்தால் நடப்பது இதுதான்.

மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கும், பால் கொடுத்துக்கொண்டிருக்கையிலேயே கருத்தரித்தவர்களுக்கும் இந்த எண்ணிக்கை ஏமாற்றும். அவர்கள் ஸ்கேன் சொல்வதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடலூரா, பாண்டிச்சேரியா?

பாண்டிச்சேரியில் சட்டம் இளகிவிடவில்லை. ஒப்புதல் தரும் குழு வேறு, அவ்வளவுதான். சுலபம் என்று சொல்வதற்குக் காரணம், குறுகிய தூரத்துக்குள் மருத்துவமனைகள் நெருக்கமாக இருப்பது. கடலூரிலிருந்து போகும் சாலையிலேயே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஊருக்குள் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். எந்த ஊர்ப் பெண்ணும் எங்கு வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இருப்பிடச் சான்று எதையும் சட்டம் கேட்கவில்லை. தனியார் கல்லூரி மருத்துவமனை என்றாலும் ஒப்புதல் சான்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏழு வாரத்துக்கு ஜிப்மர் கூட்டத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. பண்ருட்டிக்காரர் முதலில் போக வேண்டியது கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மகப்பேறு ஓ.பி. காலையிலேயே சீட்டு எடுத்துவிடுங்கள். சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. இதயக் கோளாறு, முன்பு இரண்டு மூன்று சிசேரியன், கடுமையான இரத்தசோகை போன்றவை இருந்தால் நேரே ஜிப்மரோ மருத்துவக் கல்லூரியோ போவது சரி. 24 வாரத்துக்கு மேலான சிக்கல்கள் நீதிமன்றம் வரை போனால் இரு ஊருக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

அரசு மருத்துவமனையில் வேறொரு கெடுபிடிக்குத் தயாராக இருங்கள். இரண்டு பிள்ளைகள் என்றதும், "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள், இல்லாவிட்டால் காப்பர்-டி போட்டுக்கொள், அப்போதுதான் இதைச் செய்வோம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். ஆலோசனை சொல்லலாம், நிபந்தனை போட முடியாது. "யோசித்துச் சொல்கிறேன் டாக்டர், முதலில் இதை முடித்துத் தாருங்கள்" என்று பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள். கணவர் கையெழுத்துக் கேட்டாலும் இதே முறைதான்: "சம்மதப் படிவம் சி-யில் என் கையெழுத்து மட்டும்தானே கேட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். படிவத்தின் பெயரைச் சொன்னதுமே பேச்சின் தோரணை மாறுவதுண்டு. மத நம்பிக்கையை மட்டும் காரணம் காட்டி, மருத்துவத் தேவையுள்ள கருக்கலைப்பை மருத்துவர் மறுக்கக் கூடாது என்று 2002 மருத்துவ நெறிமுறை விதிகளும் சொல்கின்றன.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். உங்கள் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். கேஸ் ஷீட், தியேட்டர் பதிவேடு, மறுவருகைச் சீட்டு எதிலும் பெயர் எழுதக் கூடாது. பதிவேட்டின் வரிசை எண்தான். சம்மதப் படிவத்தை உறையிலிட்டு ஒட்டி, மேலே 'இரகசியம்' என்று எழுதிப் பூட்டிவைக்க வேண்டும். விவரத்தை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை. அரசின் கர்ப்பப் பதிவுத் தளமான பிக்மியில் கர்ப்பத்தைப் பதிந்திருந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் அடுத்த தடவை கேட்கத்தான் செய்வார். சட்டப்படி செய்துகொண்டதற்கு நீங்கள் மழுப்ப வேண்டியதில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண் என்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் தர வேண்டும். ஆனால் அந்தத் தகவலில் பெண்ணின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு வழிசெய்திருக்கிறது.

மாத்திரை

மெடிக்கலில் மாத்திரை இல்லாததால் கலங்க வேண்டாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' பட்டியல் மருந்து அது. அதைச் சட்டப்படி விற்கலாம் என்றாலும், சோதனைக்குப் பயந்து தமிழ்நாட்டில் பல கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. ஒப்புதல் பெற்ற இடங்களில் பெரும்பாலும் அவர்களே வைத்திருந்து தருவார்கள். ரகசியமாக எடுத்துத் தரும் கடையில் வாங்காதீர்கள். ஒரு பெட்டியில் 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் நான்கு இருக்கும். முதல் மாத்திரை கரு வளர்வதை நிறுத்தும். ஓரிரு நாள் கழித்து எடுப்பவை கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றும். கடைக்காரர்கள் இரண்டாவதை மட்டும் உதிரியாகத் தருவது, எல்லாவற்றையும் ஒரே வேளையில் விழுங்கச் சொல்வது: பாதியில் நிற்கும் கருக்கலைப்புகள் இப்படித்தான் உண்டாகின்றன.

மாத்திரைக்கு முன் மருத்துவர் மூன்றைப் பார்க்க வேண்டும். ஸ்கேனில் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா. குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். அடுத்தது ஹீமோகுளோபின், 8 கிராமுக்குக் கீழ் என்றால் மாத்திரை வழி வேண்டாம். மூன்றாவது இரத்த வகை. நெகடிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காப்பர்-டி உள்ளே இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை பற்றியெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது மாத்திரைக்குப் பிறகு சில மணி நேரத்தில் வலியும் உதிரப்போக்கும் தொடங்கும். மாதவிலக்கைவிட அதிகம் போகும், கட்டி கட்டியாகவும் போகும், அது இயல்பு. பிறகு குறைந்து, ஒன்று இரண்டு வாரம் கசியும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய பேடு முழுதாக நனைந்தால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டி இறங்காமல் இருந்தால், மயக்கம் வந்தால், நாற்றமுள்ள கசிவு இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: கலைத்த பிறகு வரும் உதிரப்போக்குக்குச் சிகிச்சை தர எந்த ஒப்புதலும் தேவையில்லை. உங்களைத் திருப்பி அனுப்பிய அதே நர்சிங் ஹோம்கூட அப்போது பார்க்கலாம், பார்க்க வேண்டும். உயிரைக் காக்க உடனே கலைத்தாக வேண்டிய நிலையிலும் வார வரம்போ இடத்தின் ஒப்புதலோ குறுக்கே வராது. உதிரமே போகவில்லை என்றாலும் போய்க் காட்ட வேண்டும். மாத்திரை பலிக்காமல் கர்ப்பம் தொடர்ந்தால் கருவில் ஊனம் ஏற்படலாம், உறிஞ்சி எடுக்கும் முறையில் முடித்துவிடுவதுதான் நல்லது.

பதினைந்தாம் நாள் மறுவருகையைத் தவறவிடாதீர்கள். முழுமையாக வெளியேறிவிட்டதா என்பது அன்றுதான் உறுதியாகும். வீட்டில் சிறுநீர்ச் சோதனை போட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கலைந்த பிறகும் சில வாரம் அது பாசிட்டிவ் காட்டும்.

இனி உங்களுக்கு. எடுத்துப்போக வேண்டியவை: ஸ்கேன் ரிப்போர்ட், பழைய பிரசவச் சீட்டுகள், இரத்தவகைச் சீட்டு, துணைக்கு நம்பிக்கையான ஒருவர். கையெழுத்துப் போட அல்ல, திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருக்க. வேலைக்குப் போகிறவர் என்றால், காரணம் குறிப்பிடாத விடுப்புச் சான்றும் மருத்துவரிடம் வாங்கலாம். திரும்பத் திரும்ப மறுக்கிறார்கள் என்றால், எந்த மருத்துவமனை, என்றைக்கு, என்ன காரணம் சொன்னார்கள் என்று எழுதி, கடலூரில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும், புதுச்சேரியில் சுகாதார, குடும்ப நலத்துறை இயக்குநரகத்திலும் கொடுங்கள். ஒப்புதல் பெற்ற இடங்கள் எவை என்று அங்கேயே கேட்கலாம். தமிழ்நாட்டில் 104-லும் விசாரிக்கலாம். ஆனால் புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது ஒரு பக்கம் நடக்கட்டும், நீங்கள் அடுத்த மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லாம் முடிந்து இரண்டு மூன்று வாரத்திலேயே, மாதவிலக்கு வருமுன்பே, மறுபடி கரு உண்டாகலாம். கணவர் அடுத்த லீவில் வருவதற்குள் காப்பர்-டியோ ஊசியோ மாத்திரையோ, உங்களுக்குப் பொருந்துவதை அந்தப் பதினைந்தாம் நாளிலேயே மருத்துவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.